தெரிந்தால் மட்டும் போதுமா?

வகுப்பில் அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாணவனைக் கவனியுங்கள். தன்னை அறியாமலே அவன் பலமுறை நெளிவான். உடல் எடையைப் பக்கம் மாற்றிக்கொள்வான். தூக்கத்தில்கூட நாம் புரண்டு படுக்கிறோம். ஏன்?

தோலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தந்துகிகளில் அழுத்தம் மிகக் குறைவு. ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் பாதரச அளவுதான். எலும்புக்கும் பலகைக்கும் நடுவே தோலும் தசையும் நசுங்கும்போது, வெளி அழுத்தம் இதைவிட மிகுந்து தந்துகிகள் மூடிக்கொள்கின்றன. ஆக்சிஜன் கிடைக்காத திசு உறுத்துகிறது. உடனே நாம் நகர்கிறோம். இரத்தம் மீண்டும் பாய்கிறது.

முதுகுத் தண்டில் அடிபட்டவருக்கு இந்த உறுத்தலே தெரியாது. நினைவிழந்தவருக்கும் அப்படியே. தளர்ந்துபோன முதியவருக்குத் தெரிந்தாலும் புரள முடியாது. சில மணி நேரத்திலேயே திசுக்கள் சாகத் தொடங்கலாம். இடுப்பின் பின்பக்கம், குதிகால் போன்ற எலும்பு துருத்திய இடங்களில் இப்படி உண்டாவதுதான் படுக்கைப் புண். அது எலும்பு வரை ஆழமாகலாம். கிருமிகள் இரத்தத்தில் கலந்தால் உயிரையே குடிக்கும்.

இதைத் தடுக்க முடியுமா? 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத் தண்டு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன் இதற்கு விடை தந்தார். அதுவரை இத்தகைய நோயாளிகளில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துகொண்டிருந்தனர். இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்று குட்மன் விதித்தார். 1948-இல் அந்த மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்தவர்கள் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளுக்கு அதுவே வித்து.

புதிய மருந்து எதுவும் இல்லாமல், புரட்டிப் போடும் கைகளால் மட்டுமே புண் தடுக்கப்பட்டது. அப்படியானால் இன்றும் படுக்கைப் புண் ஏன் வருகிறது? செவிலியருக்கு அறிவு போதவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. சிவந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதும், வளையம் போன்ற காற்றுத் தலையணையை வைப்பதும் நெடுநாள் வழக்கங்கள். தேய்ப்பது நலிந்த திசுவை மேலும் கெடுக்கும். வளையமோ தன் விளிம்பில் அழுத்தத்தைக் கூட்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் அது வெளுக்கவேண்டும். வெளுக்காவிட்டால் அது புண்ணின் முதல் படி. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, கடினம், வலி ஆகியவற்றைத் தொட்டும் கேட்டும் அறியவேண்டும். இவையெல்லாம் கற்றுத்தர வேண்டியவையே.

ஆனால் பெல்ஜியம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் செய்யப்பட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். 553 செவிலியருக்கு இதுபற்றித் தேர்வு வைத்தார்கள். சராசரி மதிப்பெண் நூற்றுக்கு ஏறத்தாழ 50. வியப்பு அதற்கு அடுத்ததில்தான் இருக்கிறது. நோயாளிகளுக்குக் கிடைத்த தடுப்புப் பராமரிப்புக்கும் செவிலியர் பெற்ற அறிவு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு காணப்படவில்லை. தடுப்பு வேலையை அவர்கள் எவ்வளவு முக்கியமாகக் கருதினார்கள் என்பதற்கும் பராமரிப்புக்கும்தான் தொடர்பு இருந்தது.

இதற்காகச் செவிலியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? கூடாது என்பதே என் கருத்து. ஒரு வேலையின் மதிப்பை அதைச் செய்பவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. வார்டுக்கு வரும் பெரிய டாக்டர் இரத்த அழுத்தத்தைக் கேட்கிறார், காய்ச்சலைக் கேட்கிறார். குதிகாலைப் பார்த்தீர்களா என்று கேட்காவிட்டால், அது யாரும் கேட்காத வேலையாகிவிடும். கனத்த நோயாளியைத் தோல் உராயாமல் புரட்ட இருவர் வேண்டும். இரவில் ஒரே நர்ஸ் முழு வார்டையும் பார்க்கும் இடத்தில், மிகச் சிறந்த மனப்பாங்கும் களைத்துப்போகும்.

ஆகவே பாடம் நடத்துவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எந்த நோயாளியை எப்போது எந்தப் பக்கம் திருப்பினோம் என்பது காய்ச்சல் அட்டையைப் போலவே எழுதப்படவேண்டும். டாக்டர் அதைப் படிக்கவேண்டும். போதிய ஆட்கள் இருக்கவேண்டும். இன்று நல்ல மெத்தைகள் வந்துவிட்டன. திருப்பும் இடைவெளியை நோயாளிக்கு ஏற்ப மாற்றலாம் என்றும் அறிந்திருக்கிறோம். ஆனாலும் மெத்தை தானே நோயாளியின் தோலைப் பார்த்துச் சொல்லாது.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் டாக்டராகலாம், சிலர் செவிலியராகலாம். எல்லோருக்கும் வீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ உண்டு. அவர்கள் படுக்கையில் விழ நேர்ந்தால், மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்பதோடு, புரட்டிப் படுக்க வைத்தாயிற்றா என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு, ஒரு கை கொடுங்கள்.