கைதியிடம் நான்கே கேள்விகள்!

தோழர்களே, 2019 பிப்ரவரி 27. தல்லாகுளத்தில் ஒரு டீக்கடை டி.வி. முன்னால் கூட்டம். அன்று நான் பள்ளிக்கூடப் பையன். பாகிஸ்தானில் பிடிபட்ட நம் தமிழ்நாட்டு விமானி அபிநந்தனிடம், எந்த விமானம், என்ன வேலையாக வந்தாய் என்று கேட்கிறார்கள். சொல்லக் கூடாது என்று மரியாதையாக மறுக்கிறார். "நம்ம பையனை அடிச்சிருவாய்ங்களோ?" பதறினார் ஒரு பெரியவர்.

1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி, பிடிபட்ட வீரன் பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் சொன்னால் போதும். எந்தப் படைப்பிரிவு என்று அடித்துக் கேட்கக் கூடாது. சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி ஊருக்கு அனுப்ப வேண்டும்.

மார்ச் 1-ல் அபிநந்தன் திரும்பிவிட்டார். வாங் சீ?

1962 போர் ஓய்ந்தபின், 1963 ஜனவரியில் நம்மிடம் சிக்கிய சீன வீரர். வழி தவறி வந்ததாகச் சொன்னார். ஆறு வருஷத்துக்கு மேல் சிறை. 1969-ல் விடுதலை, ஆனால் மத்தியப் பிரதேசத்துத் திரோடி கிராமத்தில்தான் வாழ்க்கை. சொந்த ஊரைப் பார்த்தது 2017-ல். அம்மா 2006-லேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"எதிரிக்கு என்னடா இரக்கம்?" என்கிறான் ஹாஸ்டல் நண்பன். இரக்கமில்லை நண்பா, நியாயம். நம்ம பையனுக்காகப் பதறிய அந்தப் பெரியவரின் பதற்றம் சீனத்துத் தாய்க்கும் இருந்திருக்காதா? சிந்திப்போம்!