மூலம் கைக்கெட்டியும் மொழிபெயர்ப்பின் நிழலில்: பிரெஞ்சு வரலாறும் தமிழாய்வாளர் கடமையும்

முன்னுரை

சங்கப் பாடல் ஒன்றில் ஒரு சொல்லுக்குப் பாடவேறுபாடு உண்டெனின், அதனைச் சுட்டாது கட்டுரை எழுதும் தமிழாய்வாளரை ஆய்வுலகம் ஏற்பதில்லை. எந்தப் பதிப்பு, எவர் உரை, எந்தச் சுவடி என்னும் வினாக்கள் உடனே எழுகின்றன. ஆனால் அதே ஆய்வாளர் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றியோ பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியைப் பற்றியோ எழுதப் புகும்போது இவ்வினாக்கள் மறைந்துவிடுகின்றன. ஆங்கிலப் பொதுநூல் ஒன்றின் கூற்றே முதன்மைச் சான்றின் இடத்தில் அமர்கிறது. "மூல ஆவணங்கள் பாரிசில் உள்ளன, நமக்கு அவை எட்டாக்கனி" என்பதே இதற்குக் கூறப்பெறும் அமைதி. அவ்வமைதி இன்று செல்லாது. செல்லாது என்பதோடு, தமிழ் ஆய்வு மரபுக்கே அது இழுக்குமாகும்.

எட்டாக்கனி என்னும் வாதம்

பிரான்சில் அச்சாகும் நூல்களின் படி ஒன்றை அரச நூலகத்துக்கு அளிக்க வேண்டும் என மன்னர் முதலாம் பிரான்சுவா 1537இல் ஆணையிட்டார். அந்நூலகத்தின் வழித்தோன்றலான பிரான்சு தேசிய நூலகம், 1997இல் 'காலிக்கா' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கியது. நூல்கள், நாளிதழ்கள், கையெழுத்துப் படிகள், வரைபடங்கள் என ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இன்று அதில் உள்ளன. அவற்றைப் படிக்கக் கட்டணம் இல்லை. 'பெர்சே' என்னும் தளம் பிரெஞ்சு ஆய்விதழ்களின் பழைய தொகுதிகளை 2005 முதல் வழங்கி வருகிறது. சிகாகோவின் நியூபெரி நூலகம், புரட்சிக்காலச் சிறுவெளியீடுகள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை மின்வடிவில் பொதுவில் வைத்துள்ளது. பிரான்சின் பல்வேறு ஆவணக்காப்பகங்களின் பட்டியல்களை ஒருசேரத் தேட உதவும் 'பிரான்ஸ்ஆர்ஷீவ்' தளம் 2017இல் தொடங்கப்பெற்றது. கதவு திறந்து கிடக்கையில் பூட்டைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

ஆங்கிலமே போதும் என்னும் வாதம்

பசித்த மக்களை நோக்கி, ரொட்டி இல்லையெனில் கேக் தின்னுங்கள் என அரசி மேரி அன்டாய்னெட் கூறியதாகத் தமிழ் நூல்களும் மேடைகளும் சொல்லி வருகின்றன. இக்கதையின் பழைய வடிவம் ரூசோவின் தன்வரலாற்றில் உள்ளது. 1760களில் எழுதப்பெற்ற அப்பகுதி, பெயர் சுட்டப்பெறாத ஓர் இளவரசியைப் பற்றியே பேசுகிறது. மேரி அன்டாய்னெட் 1755இல் ஆஸ்திரியாவில் பிறந்து, 1770இல்தான் பிரான்சுக்கு வந்தவர். மூலத்தில் கேக்கும் இல்லை. 'பிரியோஷ்' என்னும் வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த ரொட்டியே உள்ளது. மூலநூலின் ஒரு பக்கத்தைப் புரட்டினாலே விலகும் பிழை இது. அப்பக்கத்தைப் புரட்டத் தேவையான மொழியறிவு இல்லாமையால் அது தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது.

பட்டியலில் தேடுவதற்கும் மொழியறிவும் காலக்கணக்கறிவும் வேண்டும். 1793 முதல் 1805 வரை பிரான்சில் குடியரசு நாள்காட்டி வழங்கியது. ரோபஸ்பியர் வீழ்ந்த 1794 ஜூலை 27, அக்கால ஆவணங்களில் இரண்டாம் ஆண்டு தெர்மிடோர் 9 எனப்படும். ஜூலை என்று மட்டும் தேடுவோர்க்கு உரிய ஆவணம் கிட்டாமற் போகலாம். அதனால் ஆவணமே இல்லை என்று முடிவு கட்டுவது பேதைமை.

இணையமே எல்லாம் என்னும் வாதம்

மறுமுனையில் மற்றொரு மயக்கம் உள்ளது. இணையத்தில் கிடைப்பதே முழுமையென்றும், பழையதெல்லாம் முதன்மைச் சான்றென்றும் கருதுவது அது. 'மோனித்தர்' எனப்பெறும் புகழ்பெற்ற செய்தித்தாளின் முதல் இதழ் 1789 நவம்பர் 24இல் வெளிவந்தது. அதற்கு முற்பட்ட மாதங்களைப் பற்றி அதன் தொகுப்பில் காணப்பெறும் பகுதி, பின்னாளில் பிற ஏடுகளைக் கொண்டு எழுதிச் சேர்க்கப்பெற்றது. பாஸ்டில் சிறை வீழ்ந்த ஜூலை 14க்கு அதனை நேர்ச்சான்றாகக் காட்டுபவர், இடைச்செருகலை மூலமெனக் கொள்பவர் ஆவார். நாடாளுமன்ற ஆவணங்கள் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற பெருந்தொகுதிகளும் அவ்வாறே பல மூலங்களைப் பிணைத்தவை. மின்திரை இவ்வேறுபாட்டைக் காட்டாது. பதிப்பாய்வுக் கண்ணே காட்டும்.

இழந்தவற்றையும் இணையம் மீட்டுத் தருவதில்லை. 1871இல் பாரிஸ் கம்யூன் எழுச்சியின் இறுதி நாள்களில் நகர மன்றக் கட்டடமும் நீதி மாளிகையும் எரிந்தன. 1860க்கு முற்பட்ட பாரிசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் இரு படிகளும் அத்தீயில் அழிந்தன. இன்று கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை பிற சான்றுகளைக் கொண்டு மீளமைக்கப்பெற்றவை. கறையான் தின்ற ஏட்டுக்கும் எஞ்சிய ஏட்டுக்கும் வேறுபாடு அறிந்த தமிழாய்வாளர்க்கு இது புதிய பாடமன்று.

தமிழோடு நேர்த்தொடர்புடைய சான்றுகள்

இக்குறை தமிழரின் வரலாற்றையே தொடுமிடத்து இன்னும் உறுத்துகிறது. ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழில் எழுதப்பெற்றது. 1904 முதல் 1928 வரை சென்னையில் வெளிவந்த பன்னிரண்டு தொகுதி ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டித் தமிழிலேயே கட்டுரை எழுதுவது நகைப்புக்குரியது. அந்நாட்குறிப்பின் கூற்றுகளை ஒப்பிட உதவும் பிரெஞ்சுக் கும்பினியின் ஆவணங்களும் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி, பிரான்சின் தென்பகுதியிலுள்ள எக்ஸ் நகரத்துக் கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகத்தில் உள்ளது. புதுச்சேரியிலும் இந்திய தேசிய ஆவணக்காப்பகத்தின் பதிவேட்டு நடுவம் இயங்குகிறது. 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகமும் அங்கேயே உள்ளது. தமிழ் ஒருபுறமும் பிரெஞ்சு மறுபுறமும் வைத்து ஒப்பிடத் தகுதியுடையவர் தமிழாய்வாளரே. அவர் அவ்விடத்தை விட்டு அகன்றால், தமிழ்ச் சான்று அறியாதார் எழுதும் வரலாறே நிலைபெறும்.

முடிவுரை

செய்யத்தக்கன சிலவே, செய்தற்கு அரியன அல்ல. பிரெஞ்சு வரலாறு தொடர்பான முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஒவ்வொரு மேற்கோளும் எம்மொழி மூலத்திலிருந்து, எப்பதிப்பிலிருந்து எடுக்கப்பெற்றது எனக் குறிப்பிடுதல் கட்டாயமாதல் வேண்டும். மொழிபெயர்ப்பின் வழி அறிந்ததை மொழிபெயர்ப்பின் வழி அறிந்தது என்றே எழுதுதல் வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் தமிழ்த்துறையும் பிரெஞ்சுத் துறையும் ஒரே வளாகத்தில் உள்ளன. பேசும் பயிற்சியன்றி, ஆவணம் படிக்கும் பயிற்சியை இரண்டும் இணைந்து ஓராண்டு நடத்தலாம். பிரெஞ்சு நூலகப் பட்டியல்களைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் தமிழ்க் கையேடு ஒன்றையும் அவை உருவாக்கலாம். இடத்தின் தொலைவு அகன்றுவிட்டது. எஞ்சியிருப்பது முயற்சியின் தொலைவே. சுவடிக்குச் சுவடி ஒப்பிட்டுப் பாடம் கண்ட மரபினர், அக்கண்டிப்பைத் தம் மொழியின் எல்லையோடு நிறுத்திக்கொள்வது தகாது.