சாளுவன்குப்பமும் ஹார்டு டிஸ்க்கும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

ரெய்டு என்றவுடன் வருமான வரி அதிகாரிகளை நினைப்பவர்களே நம்மில் அதிகம். கணினி உலகில் அச்சொல்லுக்கு வேறு பொருள். பல ஹார்டு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றேபோல் இயக்கும் முறைக்கு அப்பெயர். 1988இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையில் வந்தது. விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான பல சிறு டிஸ்க்குகள் போதாவா என்பதே அவர்கள் கேள்வி. அரசுக் கல்லூரிக்கு ஏற்ற கேள்வி அன்றோ!

லினக்ஸில் இதற்கெனத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. எம்.டி.ஏ.டி.எம். என்னும் இலவச மென்பொருளே போதும். இரு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதினால் ரெய்டு 1. ரெய்டு 5 முறையில் நான்கு 1 டி.பி. டிஸ்க்குகளைச் சேர்த்தால் 3 டி.பி. நமக்கு; எது ஒன்று பழுதானாலும் மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு மீட்கலாம்.

டிஸ்க்கை முழுதாகச் சேர்ப்பதா, பார்ட்டிஷன் பிரித்துச் சேர்ப்பதா என்றொரு வாதம் உண்டு. பிரித்துச் சேர்ப்பதே நன்று என்பேன். 1 டி.பி. என்று விற்கப்படும் இரண்டும் கடைசி பைட் வரை ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மாற்றாக வாங்குவது சற்றே சிறியதானால் பழைய கூட்டத்தில் சேராது. கடைசியில் நூறு எம்.பி. விட்டுப் பிரித்துவிட்டால் தொல்லையில்லை. மேலும், பார்ட்டிஷன் அட்டவணையே இல்லாத டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டுபவர், காலி டிஸ்க் என்றெண்ணி அழித்துவிடவும் கூடும். 2 டி.பி.க்கு மேலென்றால் ஜி.பி.டி. அட்டவணைதான் வேண்டும். ஃபைல் சிஸ்டத்தைத் தனித்தனி டிஸ்க்கில் அன்றி, எல்லாம் சேர்ந்து உருவான ரெய்டின் மேல் அமைக்க வேண்டும்.

ரெய்டு இருக்க அச்சமேன் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. தவறுதலாக ஒரு ஃபைலை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் அக்கணமே அழிகிறது. பெட்டியும் ஒன்றே. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி கல்வெட்டுப் பாறைகளை வெளிக்காட்ட, 2005இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து முருகன் கோயிலைக் கண்டது. சங்க காலச் செங்கல் கட்டடம், அதன்மேல் பல்லவர் கோயில். கடற்பேரலையால் அழிந்தது என்பது ஆய்வாளர் கருத்து. கோயில் இரண்டு; இடம் ஒன்றே! செங்கல்பட்டில் ஒரு பிரதி இருந்தால் வேறோர் ஊரில் மற்றொன்று இருந்தாக வேண்டும். நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நம் சான்றிதழ்களும் ப்ராஜெக்ட் அறிக்கைகளும் தொலைந்தால் கேட்டுப்பெற வீட்டில் இன்னொருவரிடம் எதுவும் இராது.

இதைக் கற்க டிஸ்க் வாங்கத் தேவையில்லை. ஒரே கணினியில் நான்கு வெற்று ஃபைல்களை உண்டாக்கி லூப் டிவைஸ்களாக மாற்றினால், லினக்ஸ் அவற்றை டிஸ்க்கென்றே கருதும். ஒன்றை வேண்டுமென்றே பழுதென அறிவித்து, நீக்கி, புதியதைச் சேர்த்து, அது நிரம்பி வருவதை மாணவர் கண்ணால் காணட்டும். ஆய்வக வகுப்பில் இரண்டு மணி நேரம் போதும். பேராசிரியப் பெருமக்கள் வரும் பருவத்திலேயே இதற்கு இடந்தர வேண்டுகிறேன்.