பெட்ரோல் எதுக்கு?

"தனிப்பயணம் உன்னை உனக்குக் காட்டும்" என்று ஒரு படம் போடுகிறார்கள். பினாங்கு நண்பர்களும் அதற்கு இதயம் போடுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நம்ம மூஞ்சியைக் குளியலறைக் கண்ணாடியிலேயே பார்த்துக்கலாமே, அதுக்கு எதுக்கு பெட்ரோல்?

போன மாதம் ஜார்ஜ்டவுனில் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றி, பட்டர்வொர்த்தில் இறங்கி, சுங்கைப் பட்டாணி வழியாக மெர்போக் போனேன். பூஜாங் பள்ளத்தாக்கு. 1025இல் ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் என்று மேடைதோறும் மார்தட்டுகிறோமே, அந்தப் பக்கம்தான். அங்கே 'சண்டி 11' என்ற பழங்கோயில் எச்சத்தை வீடமைப்புக்காக இடித்த செய்தி 2013இல் வெளியானது. மேடைகள் எத்தனை நாள் அதைப் பேசின?

வழியில் ஒரு தேநீர்க் கடை. கடைக்காரப் பாட்டி, "தனியாவா வந்த? யார் வீட்டுப் புள்ள?" என்றார். கடாரம் பார்க்க வந்ததாகச் சொன்னேன். "அது எங்கய்யா இருக்கு?" என்றார். பிறகு அவர் பேசினார். அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறியது, ஜெரஜாக் தீவில் நோய்க்காவலில் அடைபட்டது, பால்மரத் தோட்டம். ஒரு மணி நேரம். நாலு நண்பர்களோடு போயிருந்தால் எங்களுக்குள்ளேயே பேசிச் சிரித்துவிட்டு, காசைக் கொடுத்துக் கிளம்பியிருப்போம்.

திரும்பும்போது பாலத்தில் வந்தேன். தெற்கே ஜெரஜாக் தெரிந்தது. 1985இல் திறந்த பாலம். நான் நூறு தடவையாவது கடந்திருப்பேன். அன்றைக்குத்தான் அந்தத் தீவைப் பார்த்தேன்.

தனியாகப் போங்கள். ஆனால் உங்களைத் தேடாதீர்கள். எங்கேயாவது வண்டியை நிறுத்தி, யாரிடமாவது வழி கேளுங்கள்.