விமானி கையில் துப்பாக்கி: யாரைக் காப்பாற்ற?

காந்தஹார் கடத்தல் பற்றிய நெட்ஃபிளிக்ஸ் தொடர் 2024-ல் வந்ததிலிருந்து ஒரு கேள்வி ஆபீஸ் லஞ்ச் டேபிளிலும் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. "அந்த கேப்டன் கையில் மட்டும் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்?" கூடவே அடுத்ததும் வந்துவிடும். "அமெரிக்காவில் பைலட்டுக்குத் துப்பாக்கி கொடுத்திருக்கிறார்களே, இந்தியாவில் ஏன் கொடுக்கக் கூடாது?"

கேட்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. மாதத்துக்கு நாலு தடவை பறக்கிறவர்கள். கோடை விடுமுறைக்கு மனைவி மக்களை முன்னாடியே சென்னைக்கோ மதுரைக்கோ விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு, "இறங்கியாச்சு" என்ற ஒரு வரிக்காகக் காத்திருக்கிறவர்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. பயம் நியாயம்தான், ஆனால் கேட்கிற மருந்து தப்பு. விமானிக்குத் துப்பாக்கி கூடாது என்பது என் கட்சி. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அமெரிக்காவில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அங்கே விமானிகள் சங்கங்களே துப்பாக்கி கேட்டன. 2002 மே மாதம் புஷ் அரசு முடியாது என்றது. மக்கள் கோபம் வேறு பக்கம் இருந்தது. செப்டம்பரில் செனட் 87-க்கு 6 என்ற கணக்கில் ஆதரித்தது, நவம்பரில் சட்டமாகிவிட்டது. 2003 ஏப்ரலில் முதல் அணி பயிற்சி முடித்து வெளியே வந்தது. விருப்பப்பட்டு முன்வருகிற விமானிக்குச் சுமார் ஒரு வாரப் பயிற்சி, ஒரு கைத்துப்பாக்கி, 'ஃபெடரல் ஃப்ளைட் டெக் ஆபீசர்' என்று ஒரு பட்டம்.

இங்கே நம் ஆட்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. அந்தத் துப்பாக்கி பயணிகளைக் காப்பாற்றக் கொடுக்கப்பட்டது இல்லை. காக்பிட்டைக் காப்பாற்ற மட்டும்தான். கேபினில் என்ன கலாட்டா நடந்தாலும் விமானி அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வரக் கூடாது. நம் படங்களில் வருகிற மாதிரி கேப்டன் கதவை உதைத்துத் திறந்து, ஸ்லோ மோஷனில் நடந்து வந்து, நாலு பேரைச் சுட்டு வீழ்த்துவார் என்று யாராவது கற்பனை செய்துகொண்டிருந்தால், மன்னிக்கவும், அமெரிக்காவிலும் அந்தக் காட்சி கிடையாது :-)

ஆக, கேள்வி சுருங்கிவிடுகிறது. காக்பிட்டுக்குள் ஒருவன் நுழையாமல் பார்த்துக்கொள்ளத் துப்பாக்கி வேண்டுமா? செப்டம்பர் 11 அன்று பேப்பர் கட்டர் கத்தியோடு வந்தவர்கள் உள்ளே நுழைந்ததற்கு இரண்டு காரணங்கள். கதவு பலவீனமாக இருந்தது. கடத்துபவன் சொல்வதைக் கேட்டு, விமானத்தைப் பத்திரமாக இறக்கி, பிறகு பேசிக்கொள்ளலாம் என்பதுதான் அதுவரை விமானிகளுக்குச் சொல்லப்பட்டிருந்த பாடம். இரண்டுமே மாறிவிட்டன. 2003-லிருந்து குண்டு துளைக்காத, உள்ளேயிருந்து பூட்டுகிற கதவு வந்துவிட்டது. வெளியே என்ன நடந்தாலும் கதவைத் திறக்காதே என்பதுதான் இப்போதைய பாடம். அந்தக் கதவு செய்கிற வேலைக்குமேல் துப்பாக்கி செய்யப்போவது மிகக் கொஞ்சம். கொண்டுவருகிற தொல்லையோ மிக அதிகம்.

அந்தத் தொல்லைக்கு வருவதற்கு முன், என் கட்சிக்காரர்களே அடிக்கடி சொல்கிற ஒரு தப்பான வாதத்தை ஒதுக்கிவைத்துவிடுகிறேன். ஒரு தோட்டா ஓட்டை போட்டால் விமானம் வெடித்துச் சிதறிவிடும் என்பார்கள். அது சினிமா. 1988-ல் ஹவாயில் அலோஹா விமானத்தின் கூரையில் பெரிய பகுதியே பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பணிப்பெண் இறந்துபோனார். ஆனாலும் அந்த விமானம் தரையிறங்கியது. சின்ன ஓட்டையை விமானம் தாங்கும். ஆனால் இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிற, சுற்றிலும் கருவிகள் நிறைந்த அறை காக்பிட். அங்கே குறி தவறினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

தவறுமா? தவறியிருக்கிறது. 2008 மார்ச் 22, டென்வரிலிருந்து சார்லட் போன யூ.எஸ். ஏர்வேஸ் விமானம். தரையிறங்கப் போகிற நேரத்தில் விமானியின் துப்பாக்கி காக்பிட்டுக்குள்ளேயே வெடித்தது. தீவிரவாதி யாரும் வரவில்லை. உறையோடு சேர்த்துப் பூட்டுப் போட்டுப் பத்திரப்படுத்த வேண்டும் என்று ஒரு விதி. அந்த வேலையைச் செய்யும்போதுதான் வெடித்தது. தோட்டா விமானத்தின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதிர்ஷ்டம். பாதுகாப்புக்காக வைத்த பொருளைப் பாதுகாப்பாக வைக்கப் போய் வந்த வினை இது. அந்தத் துப்பாக்கிகளில் ஒன்று ஒரு கடத்தலைத் தடுத்ததாக இந்த இருபது வருடத்தில் ஒரு செய்தி படித்திருக்கிறீர்களா? "அது இருக்கிற பயத்தில்தான் எவனும் வரவில்லை" என்பார்கள். கதவு இருக்கிற பயம் என்று நான் சொல்வேன். துப்பாக்கி கொடுக்காத நாடுகளிலும் எவனும் கதவை உடைத்து உள்ளே போய்விடவில்லையே?

இன்னும் பெரிய சிக்கல், ஆபத்து எப்போதும் கதவுக்கு வெளியேதான் இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது. 2015 மார்ச் 24, ஜெர்மன்விங்ஸ். கேப்டன் வெளியே போனதும் துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் போனார்கள். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் காக்பிட்டின் கூடுதல் இருக்கையில் உட்கார்ந்து வந்த, பணியில் இல்லாத விமானி ஒருவர், நாள் கணக்கில் தூக்கமில்லாமல் மனம் குழம்பி, பறந்துகொண்டிருக்கிற விமானத்தின் இன்ஜின்களை நிறுத்தப் பார்த்தார். இரண்டு விமானிகளும் வெறுங்கையால் மடக்கினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அந்தக் கதை எப்படி முடிந்திருக்கும்?

இது வெறும் கற்பனை என்பவர்களுக்கு இன்னொன்று. 2022 ஆகஸ்டில் ஒரு டெல்டா விமானம். ஒரு பயணிக்கு உடம்பு சரியில்லை, வேறு ஊரில் இறக்கலாமா என்று பேச்சு வந்தது. திருப்பினால் சுட்டுவிடுவேன் என்று துணை விமானி கேப்டனையே மிரட்டினார் என்பது குற்றச்சாட்டு. 2023-ல் அதற்காக அவர்மேல் குற்றப்பத்திரிகை வந்தது. அவர் யார் தெரியுமா? அரசாங்கம் பயிற்சி கொடுத்து, துப்பாக்கியும் கொடுத்த 'ஃபெடரல் ஃப்ளைட் டெக் ஆபீசர்'. வேலியே பயிரை மேய்வது என்று நம் பாட்டிமார்கள் இதைத்தான் சொன்னார்கள்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். இங்கே நடந்த கடத்தல்களைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1971 ஜனவரியில் ஸ்ரீநகரிலிருந்து 'கங்கா' விமானத்தை லாகூருக்குக் கடத்திய இருவரிடம் இருந்தது பொம்மைத் துப்பாக்கியும் மரத்தில் செய்த கையெறிகுண்டும். 1978 டிசம்பரில் இந்திரா காந்தியை விடுதலை செய்யச் சொல்லி லக்னோ-தில்லி விமானத்தைக் கடத்திய பாண்டே நண்பர்களிடம் இருந்தது விளையாட்டுத் துப்பாக்கியும் ஒரு கிரிக்கெட் பந்தும். (இருவரும் பிற்பாடு எம்.எல்.ஏ. ஆனார்கள் என்பது தனிக்கதை.) 1981-ல் வந்தவர்களிடம் கிர்பான். இந்த விமானங்களில் காக்பிட்டில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால், அந்த விமானத்திலேயே நிஜத் துப்பாக்கி அது ஒன்றுதான்! கதவுக்குப் பூட்டில்லாத காலம். பிடறிக்குப் பின்னால் வந்து நிற்கிறவன் முதலில் எதைப் பறித்திருப்பான்?

ஐ.சி.814-க்கும் இதே கணக்குதான். 1999 டிசம்பர் 24. ஐந்து பேர், ஆளுக்கொரு மூலையில், நடுவில் பயணிகள். கேப்டன் தேவி சரண் திரும்பி ஒருவனைச் சுட்டிருந்தால் மற்ற நாலு பேர் பயணிகளை என்ன செய்திருப்பார்கள்? நம்மைத் தோற்கடித்தது காக்பிட்டில் துப்பாக்கி இல்லாமை அல்ல. எரிபொருள் தீர்ந்த விமானம் அமிர்தசரஸில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நின்றது. தில்லியில் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்.எஸ்.ஜி. கமாண்டோக்கள் வந்து சேரவில்லை. கேப்டன் தன்னால் முடிந்த அளவு இழுத்தடித்துப் பார்த்தார். உள்ளே பயணிகளைக் கத்தியால் குத்த ஆரம்பித்தபிறகு, எரிபொருள் நிரப்பாமலேயே மறுபடி கிளப்பினார். கல்யாணமாகித் தேனிலவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ரூபின் கத்யால் உயிரோடு வீடு திரும்பவில்லை. அமிர்தசரஸ் தரையில் தவறவிட்டதை ஆகாயத்தில் ஒரு விமானி கைத்துப்பாக்கியால் சரிக்கட்டியிருப்பார் என்று பேசுவது, பொறுப்பானவர்களைச் சௌகரியமாகத் தப்பவிடுகிற பேச்சு.

பின்னே ஆயுதமே வேண்டாமா என்றால், வேண்டும். அது யார் கையில் என்பதுதான் விஷயம். 1970 செப்டம்பர் 6, ஆம்ஸ்டர்டாமிலிருந்து நியூயார்க் போன எல் அல் விமானம். கடத்தவந்த இருவருக்கு கேப்டன் கதவைத் திறக்க மறுத்தார். விமானத்தைச் சடாரென்று கீழ்நோக்கிப் பாய்ச்சினார், கடத்தியவர்கள் நிலைதடுமாறி விழுந்தார்கள். சுட்டது பாதுகாவலர், ஓட்டியது விமானி. அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள், விமானம் லண்டனில் பத்திரமாக இறங்கியது. காந்தஹாருக்குப் பிறகு இந்தியாவும் என்.எஸ்.ஜி. வீரர்களை ஸ்கை மார்ஷல்களாகச் சில தடங்களில் அனுப்பத் தொடங்கியது அதே நியாயத்தில்தான். எந்த இருக்கையில் இருக்கிறார் என்று தெரியாத அந்த ஒருவருக்கு வேறு வேலை இல்லை. விமானிக்கோ நூற்றைம்பது பேரைத் தரையிறக்குகிற வேலை இருக்கிறது.

நடைமுறையையும் யோசியுங்கள். தினமும் ஆயிரக்கணக்கான விமானங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு விமானிகள். அத்தனை துப்பாக்கிகளும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே போக வேண்டும், வெளியே வர வேண்டும். இரவு தங்குகிற ஹோட்டல் அறை, விடிகாலை மூன்று மணி கேப், குழந்தைகள் ஓடியாடுகிற வீடு என்று கூடவே சுற்ற வேண்டும். இன்று ஒரு நகவெட்டிக்கே கேள்வி கேட்கிற விமான நிலையத்துக்குள் துப்பாக்கி போக நாமே ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறோம். கலிபோர்னியாவில் 1987 டிசம்பரில் பி.எஸ்.ஏ. விமானத்தில் வேலை போன ஊழியர் ஒருவர், திருப்பி வாங்கப்படாத அடையாள அட்டையைக் காட்டி, சோதனை இல்லாமல் துப்பாக்கியோடு ஏறினார். முன்னாள் மேலதிகாரியையும் விமானிகளையும் சுட்டார். 43 பேர் செத்தார்கள். 'நம்ம ஆள்தானே' என்று விட்ட ஒரு வாசல் போதும்.

உண்மையிலேயே விமானிகளுக்காகக் குரல் கொடுக்க ஆசை என்றால் வேறு விஷயம் இருக்கிறது. 2010 மே 22, மங்களூர். 158 பேர் இறந்தார்கள். பயணத்தின் பெரும்பகுதி கேப்டன் உறங்கிக்கொண்டிருந்தார், அந்தக் கலக்கம் தெளியாமல்தான் தரையிறக்கினார் என்று விசாரணை சொன்னது. விமானிக்குப் போதுமான ஓய்வு, மனம் சரியில்லை என்றால் வேலை போகுமோ என்ற பயமில்லாமல் டாக்டரிடம் சொல்கிற வசதி, காக்பிட்டில் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது என்கிற கட்டுப்பாடு, கடத்தல் என்று செய்தி வந்த நிமிஷமே தரையில் முடிவெடுக்கிற ஓர் ஏற்பாடு. இவையெல்லாம் கேட்டுப் பெற வேண்டியவை. இதில் ஒன்றுகூட நெட்ஃபிளிக்ஸ் தொடரில் விசிலடிக்கிற காட்சி ஆகாது. அதனால்தான் யாரும் கேட்பதில்லை.

என் பிள்ளைகள் ஏறுகிற விமானத்தின் கேப்டன் நன்றாகத் தூங்கி எழுந்தவராக இருக்கட்டும். கதவு பூட்டியிருக்கட்டும். அவர் இரண்டு கையும் விமானத்தின்மேல் இருந்தால் போதும்.