தட்டார் பட்டறை பள்ளியாகுக!

பொன்னை விரும்பாத தமிழ்க்குடி இல்லை. பொன்வினையைத் தம் மக்கட்குக் கற்பிக்க விரும்பும் குடியோ அருகிவிட்டது. உளுந்தூர்பேட்டை போன்ற ஊர்களில் கடைவிளக்கின்கீழ் மின்னும் அணிகளுட் பல, பொறியில் வார்த்தும் அச்சிட்டும் வந்தவை. அணி பெருகிற்று, அணிசெய்யும் கை குறைந்தது. இஃது ஒரு தொழிலின் தாழ்வு மட்டுமன்று. ஓர் அறிவுத்துறையின் இழப்பு.

ஆதிச்சநல்லூர் அகழாய்வில் நெற்றியில் அணியும் பொற்பட்டங்கள் கிடைத்தன. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளோ, இராசராசன் காலத்தில் அளிக்கப்பெற்ற அணிகளின் முத்தையும் மணியையும் எண்ணி, உள்ளிட்ட அரக்கையும் சேர்த்து நிறை குறிக்கின்றன. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றியளவும் பிழையாத நுண்மை அது!

இவ்வறிவைக் குலைத்ததில் நடுவணரசுக்கும் பங்குண்டு. 1963 சனவரியில் வந்த பொன் கட்டுப்பாட்டு ஆணை, 14 காரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் புதிய அணி செய்வதைத் தடுத்தது. பொற்கொல்லர் பல்லாயிரவர் பிழைப்பிழந்தனர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர். 14 காரட்டுத் தடை சில ஆண்டுகளில் தளர்ந்தது. ஆயினும் 1968-இல் சட்டமாகிய கட்டுப்பாடு 1990-இல்தான் நீங்கியது. பட்டறையை விட்டகன்ற கைகள் எல்லாம் மீண்டனவா?

பொன்வினை வெறுங் கைப்பழக்கம் என்பார் பட்டறையுட் சென்று பார்க்கட்டும். இரு பொற்கம்பிகளை இணைக்கும் பற்றாசு, அணியின் பொன் உருகுமுன் தான் உருகல் வேண்டும். வெங்காரம் இட்டு, ஊதுகுழலால் தழலைச் செலுத்தும் பொற்கொல்லன் நிறங்கண்டே அந்நொடியை அறிகின்றான். தவறின் அணியே பாழ். மாழையறிவும் அளவையும் ஓவியமும் அவ்விரல்களில் ஒன்றாகின்றன. உரைகல், மாற்று, ஆணிப்பொன், பற்றாசு என்னுஞ் சொற்களும் அக்கையோடு வாழ்வன. கை ஓய்ந்தால் சொல்லும் ஓயும். அகரமுதலியில் மட்டும் கிடக்கும் சொல் உயிருள்ள சொல்லாகுமோ?

மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கப்பெற்ற சிற்பப் பயிற்சி கல்லூரியாக வளர்ந்தது. அண்மையிலுள்ள கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. கல்லுக்கும் மரத்துக்கும் வாய்த்த மதிப்பு பொன்வினைக்கும் வேண்டும். உளுந்தூர்பேட்டை வட்டத்துப் பள்ளிகளில் முதிய பொற்கொல்லரை ஆசிரியராக அமர்த்துக! செம்பிலும் பித்தளையிலும் தொடங்கி, எக்குடிப் பிறந்த சிறுவர் சிறுமியர்க்கும் தமிழிலேயே கற்பிக்க! செம்புக்குச் செலவு பெரிதன்று. கற்பிக்க வல்ல முதியவரோ நாளும் குறைகின்றனர். அவர்கள் இருக்கும்போதே தொடங்குதல் வேண்டும்.