வலியைச் சொல்ல ஒரு வாக்கியம்



ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கில் உவெல்வா என்றொரு மாகாணம் இருக்கிறது. ஸ்ட்ரோபெரிப் பழத் தோட்டங்களுக்குப் பேர்போன இடம். பழம் பறிக்கும் காலம் வந்தால் மொரோக்கோவிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் ஒப்பந்த அடிப்படையில் அங்கு வேலைக்குப் போகிறார்கள். பெரும்பாலானோர் கிராமப்புறத் தாய்மார். பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுச் சில மாதங்கள் உழைத்துத் திரும்புகிறவர்கள். மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போய்வந்த உம்மாவோ ராத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பெண்கள் மனதில் எதைச் சுமந்து போகிறார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை.

நாள் முழுவதும் குனிந்து பழம் பறிப்பவளுக்கு முதுகு வலிக்கும். அதை மேற்பார்வையாளரிடம் எந்த மொழியில் சொல்வாள்? அவளுக்குத் தெரிந்தது அரபு அல்லது பெர்பர். அவருக்குத் தெரிந்தது ஸ்பானிஷ். கையைக் காட்டி எங்கே வலி என்று சொல்லிவிடலாம். இது முன்னரும் வந்த வலியா, இன்று விழுந்ததால் வந்ததா என்று கையால் சொல்ல முடியுமா?

குடும்பத்தோடு ஸ்பெயினில் குடியேறிய பெண்களுக்கு இன்னொரு சங்கடம். கணவர் வேலைத்தலத்தில் மொழியைப் பிடித்துக்கொள்கிறார். பிள்ளைகள் பாடசாலையில் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் இருக்கும் தாய்தான் பின்தங்கிப் போகிறாள். கடைசியில் வைத்தியரிடம் போகும்போது பத்து வயது மகனை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பெண்களுக்கே உரிய ஒரு நோயை மகனின் வாயால் எப்படிச் சொல்வது? சொல்லாமலே திரும்பி வருகிறவர்களும் இருப்பார்கள். மொழி தெரியாமை சில வேளை நோயையே மறைத்துவிடும்.

ஆகவே ஒரு மொழியில் நாலு வார்த்தை பேசப் பழகுவதைப் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். ஸ்பானிஷ் மொழியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உலகில் சுமார் 50 கோடிப் பேரின் தாய்மொழி அது. தமிழ் பேசும் நமக்கு அது அவ்வளவு தூரத்து மொழியுமல்ல.

முதலில் உச்சரிப்பு. அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்து உயிரொலிகள்தான் அதில் உண்டு. ஆங்கிலத்தைப் போல எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று என்ற தொல்லை குறைவு. ஆங்கிலேயருக்குக் கஷ்டமான 'ஞ' ஒலி நமக்கு இயல்பாகவே வரும். நாளை என்பதற்கு 'மஞானா', அம்மணி என்பதற்கு 'செஞோரா'. ரகரத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'பெரோ' என்றால் ஆனால். நாக்கை உருட்டி 'பெர்ரோ' என்றால் நாய்!

அடுத்தது வாக்கியம். 'பேசுகிறேன்' என்றாலே பேசுவது நான் என்று தமிழில் விளங்கும். ஸ்பானிஷிலும் அப்படித்தான். 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். 'நான்', 'நாம்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் உண்டு. நெருங்கியவரை 'து' என்றும், மரியாதைக்குரியவரை 'உஸ்தெத்' என்றும் அழைப்பார்கள்.

எல்லாவற்றிலும் வசதியானது இது: 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதை அவர்கள் 'மே துவேலே லா கபேசா' என்பார்கள். மே என்றால் எனக்கு, துவேலே என்றால் வலிக்கிறது, கபேசா என்றால் தலை. தமிழில் நாம் நினைப்பது போலவே அவர்களும் சொல்கிறார்கள். 'எனக்குப் பிடிக்கும்' என்பதும் 'மே குஸ்தா'தான்.

சொற்களிலும் உறவு இருக்கிறது. 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் இன்றும் நம் வீடுகளில் புழங்குகின்றன. போர்த்துக்கேய மொழியும் ஸ்பானிஷும் சகோதர மொழிகள். ஆகவே நமது பாண் அங்கே 'பான்', மேசை 'மேசா', அலுமாரி 'அர்மாரியோ', குசினி 'கொசினா', சப்பாத்து 'சபாத்தோ'. ஸ்பெயினின் பல பகுதிகளில் இந்தச் 'ச' ஒலியை நாக்கைப் பற்களுக்கிடையே வைத்து உச்சரிப்பார்கள். 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் முஸ்லிம்களின் ஆட்சி இருந்ததால் அரபுச் சொற்களும் ஏராளம். சீனிக்கு 'அசுகார்', அரிசிக்கு 'அர்ரோஸ்', எண்ணெய்க்கு 'அசெய்தே', தலையணைக்கு 'அல்மொஆதா'. 'அப்படி நடக்கட்டும்' என்று ஆசைப்படும்போது அவர்கள் சொல்லும் 'ஒஹலா' என்ற சொல்லில் அல்லாஹ்வின் பெயரே ஒளிந்திருக்கிறது.

கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். இவற்றைச் சொல்லோடு சேர்த்தே மனனம் செய்ய வேண்டும். களைத்துப்போன பெண் 'கன்சாதா' என்பாள், ஆண் 'கன்சாதோ' என்பான். இதில் பிழை விட்டாலும் கேட்பவருக்கு விளங்கும். பிழைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டால்தான் ஒன்றும் விளங்காது.

புதிதாகப் பேசத் தொடங்குபவருக்கு உண்மையான பயம் எது தெரியுமா? கேள்வியைக் கேட்டுவிடலாம், மற்றவர் மளமளவென்று பதில் சொன்னால் என்ன செய்வது என்பதுதான். அதற்கு நான்கு வாக்கியங்களைக் கைவசம் வைத்துக்கொண்டால் போதும். 'நோ எந்தியெந்தோ' - எனக்கு விளங்கவில்லை. 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்' - தயவுசெய்து மெதுவாக. 'புவேதே ரெபெதிர்?' - திருப்பிச் சொல்ல முடியுமா? 'கோமோ சே தீசே எஸ்தோ?' - இதற்கு என்ன சொல்வது? கடைசி வாக்கியத்தைச் சொல்லிப் பொருளைச் சுட்டிக்காட்டினால், கடைக்காரரே உங்கள் ஆசிரியராகிவிடுவார்.

வைத்தியரிடம் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

'கே லே பாசா?' (உங்களுக்கு என்ன செய்கிறது?)
'மே துவேலே லா எஸ்பால்தா.' (எனக்கு முதுகு வலிக்கிறது.)
'தெஸ்தே குவாந்தோ?' (எப்போதிலிருந்து?)
'தெஸ்தே அயேர்.' (நேற்றிலிருந்து.)

இவ்வளவுதான். இந்த நான்கு வரிகளுக்கு மகனின் துணை தேவையில்லை.

படிப்பதற்கு வழியும் உண்டு. வயது வந்தோருக்கான அரசாங்கக் கல்வி நிலையங்களும், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகளும் ஸ்பெயினில் வகுப்பு நடத்துகின்றன. ஸ்பானிஷ் பேசும் நாடுகளைச் சேராத பெரியவர்கள் அங்கு குடியுரிமை கேட்டால், 2015 முதல் 'தெலே' என்ற மொழிப் பரீட்சையில் ஏ2 மட்டத்திலாவது சித்தியடைய வேண்டும். வாசிப்பு, எழுத்து, கேட்டல் ஆகியவற்றோடு பேச்சும் அதில் சோதிக்கப்படும். எழுத்தறிவு இல்லாதவர்கள் விலக்குக் கோரவும் இடமுண்டு.

சகோதரிகளே, எந்த மொழியானாலும் வழி இதுதான். முதலில் உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படும் பத்து வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனதுக்குள் சொன்னால் நாக்குப் பழகாது. பிறகு பொறுமையாகக் கேட்கும் ஒருவரிடம் தினமும் ஐந்து நிமிடமாவது பேசுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. உம்மாவின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பு அவரை ஒரு வருடம் பின்தள்ளிவிடும். அவர் தடுமாறும்போது முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லவும் வேண்டாம். சற்றுப் பொறுத்திருங்கள். அவர் தேடும் சொல் அவருக்கே கிடைக்கும்.